மூடாத முப்பது செஷன்கள்

கலவை ஊரில் நடந்த தன் சித்தி மகள் கல்யாணத்தில் கரோலின் அக்கா இருக்கும் போட்டோ ஒன்றுதான் உண்டு. அதிலும் அவர் மேடையில் இல்லை. சர்ச்சுக்கு வெளியே, செருப்பு கழற்றிவிட்ட இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒரு காதைக் கையால் பொத்தி மறுகாதில் போனை வைத்திருக்கிறார். ஆம்பூரில் அவர் வேலை செய்யும் தோல் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் தொங்கிவிட்டது. அதை எப்படித் திரும்ப ஓட வைப்பது என்று அங்கே கூட வேலை செய்யும் கௌதமுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். உள்ளே மோதிரம் மாற்றி முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அக்கா எந்த வெளியூர்க் கல்யாணத்துக்கும் போகவில்லை.

அக்காவுக்கு முப்பது வயது. பாகாயத்தில் எங்கள் தெருவில் நாலாவது வீடு. அம்மா பெயர் கிரேஸி, ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளராக இருந்து ரிட்டயர் ஆனவர். அப்பா இல்லை. எம்.சி.ஏ. முடித்ததும் சென்னைக்குப் போகவேண்டும் என்றுதான் அக்கா நினைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். ஆம்பூரில் வேலை கிடைத்தது. தினமும் வீட்டுக்கு வந்துவிடலாம், ஒரு வருஷம் இருந்துவிட்டுப் போகலாம் என்று சேர்ந்தார். அந்த ஒரு வருஷம் நான்கு வருஷம் ஆனது. ஏன் அப்படி ஆனது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்குக் கொஞ்சம் கம்ப்யூட்டர் விஷயம் சொல்லவேண்டியிருக்கிறது. கஷ்டமானது இல்லை.

அந்தத் தொழிற்சாலைக்குத் தோல் லாட் லாட்டாக வரும். ஒரு லாட்டில் சில நூறு தோல்கள் இருக்கும். அவை டிரம்மில் சுண்ணாம்பும் குரோம் உப்பும் ஏறி, நீல நிறத்தில் ஈரமாக வெளியே வந்ததும் அங்கே இருக்கும் மூன்றில் ஒரு செலக்‌ஷன் ஷெட்டுக்குப் போகும். அங்கே ஒவ்வொரு தோலையும் மேஜையில் விரித்து, கையால் தடவிப் பார்த்துத் தரம் சொல்கிறவருக்கு செலக்டர் என்று பெயர். அவர் சொல்லச் சொல்லப் பக்கத்தில் ஒருவர் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். இந்த லாட் எங்கிருந்து வந்தது, எத்தனை தோல், எந்தத் தோலில் என்ன குறை, என்ன தரம் என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். வெளிநாட்டில் ஷூ வாங்குகிற கம்பெனிகள் இதைக் கேட்கும்.

ஏற்றுவது ஜாவாவில் எழுதிய ஒரு வெப் அப்ளிகேஷனில். ஒரு லாட்டுக்கு ஐந்து பக்கங்கள். வெப் பக்கத்துக்கு ஞாபகம் கிடையாது. இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டால் முதல் பக்கத்தில் என்ன செய்தோம் என்று அதற்குத் தெரியாது. அதற்காக, இதை முதலில் எழுதிக் கொடுத்தவர் ஒரு வழி செய்திருந்தார். முதல் பக்கம் திறந்ததும் டேட்டாபேஸோடு ஒரு செஷன் ஆரம்பிக்கும். ஐந்தாம் பக்கம் வரை அதை மூடாமல் பிடித்துக்கொண்டே போகும். ஒவ்வொரு பக்கத்திலும் ‘பதிவு’ என்ற பட்டனை அமுக்கினால் அந்தப் பக்கத்து விவரம் டேட்டாபேஸில் ஏறிவிடும். கடைசிப் பக்கத்தில் மட்டும் கூடுதலாக ஒரு சிவப்புப் பட்டன் உண்டு. அதில் ‘முடி’ என்று இருக்கும். அதை அமுக்கினால்தான் செஷன் மூடும்.

பேங்கில் ஒருவர் கவுன்ட்டரை விட்டு நகராமல் அங்கேயே நின்று ஐந்து ஃபாரம் நிரப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் நகர்கிற வரைக்கும் அந்தக் கவுன்ட்டர் வேறு யாருக்கும் இல்லை. இந்த டேட்டாபேஸுக்கு மொத்தம் முப்பது கவுன்ட்டர். லாட் முடிந்ததும் செஷனை மூடினால் ஒரு கவுன்ட்டர் காலியாகும். மூடாமல் அடுத்த லாட்டை ஆரம்பித்தால் புதிதாக இன்னொரு கவுன்ட்டரைப் பிடிக்கும். பழையதில் ஆள் இருக்கமாட்டார், ஆனால் அது காலியும் ஆகாது. இப்படி முப்பதும் போய்விட்டால், அடுத்து அமுக்குகிறவருக்குத் திரையில் சக்கரம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். தொங்குது என்று சொல்வது இதைத்தான்.

தினமும் பதினொரு மணிக்கு ஒரு தரம் தொங்கும். மூன்று மணிக்கு இன்னொரு தரம். தொங்கினால் சர்வரை நிறுத்தித் திரும்ப ஓட்டவேண்டும். யார் யார் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு ஷெட்டுக்கும் போன் போட்டுக் கேட்டு, அவர்கள் பதிவு செய்த பிறகு நிறுத்தவேண்டும். கேட்காமல் நிறுத்தினால் பாதி லாட் போய்விடும். மூன்று ஷெட்டிலிருந்தும் திட்டு விழும்.

சர்வர் அறைக்கு ஜன்னல் கிடையாது. கௌதமும் அக்காவும் மட்டும்தான் அங்கே. கௌதம் கம்ப்யூட்டர், பிரின்டர், கேபிள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவர். புரோகிராம் அவருக்கு அவ்வளவாக வராது. அதனால் அக்கா நகரக்கூடாது. மதியச் சாப்பாட்டைத் திரையைப் பார்த்தபடியே சாப்பிடுவார். பாத்ரூம் இன்னொரு கட்டடத்தில். போய் வருவதற்குள் தொங்கிவிட்டால் என்ன செய்வது என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். இரண்டு தரம் நீர்க்கடுப்பு வந்து அவதிப்பட்டார். கிரேஸியம்மா, "நான் ஆஸ்பத்திரியில முப்பது வருஷம் வேலை பார்த்தேன்டி. பேஷன்ட்டைக் கூட விட்டுட்டு அஞ்சு நிமிஷம் நகரலாம். அந்தப் பெட்டிக்கு இன்னா, உசுரா போகுது?" என்று கேட்பார்.

ஏன் சரி செய்யவில்லை என்று கேட்கலாம். அவர் முயற்சி செய்யாத நாள் இல்லை. செஷன் மூடவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஏன் மூடவில்லை என்பதுதான் தெரியவில்லை. தானே உட்கார்ந்து ஐம்பது லாட் ஏற்றிப் பார்த்தார். ஒவ்வொரு தரமும் சிவப்புப் பட்டனை அமுக்கினார். ஐம்பது தரமும் ஒழுங்காக மூடியது. ஷெட்டில் ஈரம் அதிகம், அங்கே நெட்வொர்க் அறுந்து போகிறது போல என்று கேபிளை மாற்றச் சொன்னார். மாற்றினார்கள். தொங்கியது. கால் மணி நேரம் யாரும் தொடாவிட்டால் செஷன் தானாக மூடும்படி செய்தார். செலக்டர்கள் நிறம் பார்க்கத் தோலை வெயிலுக்கு எடுத்துப் போவார்கள், தொழுகைக்குப் போவார்கள். திரும்பி வந்தால் பக்கம் செத்திருக்கும், செய்த வேலை போயிருக்கும். பெரிய சத்தமாகி, மேலே இருந்து உத்தரவு வந்து, அதை எடுக்கவேண்டியதாயிற்று. எல்லாரும் ஒழுங்காக வெளியேறவேண்டும் என்று ஆபீஸ் மூலமாக ஒரு சர்க்குலர் போட்டார்கள். அன்றையிலிருந்து ஷெட்டில் எல்லாரும் சாயங்காலம் கம்ப்யூட்டரையே ஆஃப் செய்துவிட்டு மிகவும் ஒழுங்காக வெளியேறினார்கள்.

ஷெட்டுக்கே போய்ப் பார்த்திருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும். ஆனால் வேலை நடக்கிற நேரத்தில் அக்காவால் அறையை விட்டு வர முடியாது. ஏன் வெளியே வர முடியவில்லை என்று கண்டுபிடிக்க அவர் வெளியே வரவேண்டியிருந்தது. நான்கு வருஷமும் அப்படியே போனது.

போன வருஷம் சென்னையில் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை கிடைத்தது. இன்டர்வியூ போனிலேயே நடந்தது. பல பக்கங்கள் இருக்கிற அப்ளிகேஷனில் டேட்டாபேஸ் செஷனை எப்படி நிர்வகிப்பீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. அக்கா அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசினாராம். கேட்டவர், "போதும் மேடம், நீங்க இதுல ரொம்ப அடிபட்டிருக்கீங்க போல" என்று சிரித்தாராம். அடுத்த மாதம் மூன்றாம் தேதி சேரவேண்டும். பழைய கம்பெனியிலிருந்து ரிலீவிங் லெட்டர் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

அக்கா ராஜினாமாவைக் கொண்டுபோய் ஜெனரல் மேனேஜர் நயீம் அகமதுவிடம் கொடுத்தார். கெட்ட மனிதர் இல்லை. அக்கா சேர்ந்த புதிதில், ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த கிரேஸியம்மாவை விசாரிக்க வீட்டுக்கே வந்தவர்.

"இன்னாம்மா இது? திடீர்னு?"

"திடீர்னு இல்ல சார். ஒரு மாசம் நோட்டீஸ் குடுத்திருக்கேன்."

"நீங்க நோட்டீஸ் குடுத்துட்டீங்க. சர்வர் நோட்டீஸ் குடுக்குமா? நீங்க போன அன்னிக்கே பதினோரு மணிக்குத் தொங்கும். அப்ப நான் யாரைக் கூப்பிடுவேன்?"

"கௌதம் இருக்காரு சார்."

"கௌதம் பிரின்டருக்கு இங்க் ஊத்துவான்." காகிதத்தை மடித்து மேஜை டிராயரில் வைத்தார். "தொங்கறது நிக்கட்டும். நானே கையெழுத்து போட்டு, ஸ்வீட் பாக்ஸோட பஸ் ஏத்தி விடறேன். நிக்கிற வரைக்கும் என்னால லெட்டர் தர முடியாதும்மா. என் கழுத்துக்கும் கத்தி இருக்கு."

அவர் சொன்ன கத்தி இருபதாம் தேதி வர இருந்தது. வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆடிட்டர்கள் வருகிறார்கள். ஏதோ ஒரு ஷூவைக் காட்டி, இந்தத் தோல் எந்த லாட் என்று கேட்பார்கள். அந்த நிமிஷம் திரையில் சக்கரம் சுற்றினால் ஆர்டர் போய்விடும். அதனால் ஆடிட்டுக்கு இரண்டு நாள் முன்னால் அவரே அக்காவை அழைத்து, "நாள் பூரா ஷெட்டுல நின்னு பாருங்க. சர்வரைக் கௌதம் பார்த்துக்கட்டும். தொங்கினா தொங்கட்டும், காரணம் தெரிஞ்சாகணும்" என்றார்.

நான்கு வருஷத்தில் முதல் தடவையாக அக்கா வேலை நேரத்தில் ஷெட்டுக்குள் நுழைந்தார். தரையெல்லாம் ஈரம். நீலத் தோல்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கி இருந்தன. முதல் மேஜையில் செலக்டர் வக்கார் அகமது. அவருக்குப் பக்கத்தில், கம்ப்யூட்டர் முன்னால் மேகலா. அணைக்கட்டு ஊரிலிருந்து வருகிற பெண், பி.காம். படித்தவள். தினமும் போனில், "அக்கா, தொங்கிடுச்சுக்கா" என்று சொல்கிற குரல் அவளுடையதுதான்.

"இன்னா மேடம், ஏசி ரூம் பூட்டிட்டாங்களா?" என்றார் வக்கார். "மூக்கைப் புடிச்சிக்கங்க, வெக்கப்படாதீங்க."

"பரவால்ல பாய்."

"பத்து நிமிஷம் அப்படித்தான் சொல்வீங்க."

"பாய், அவங்களை ஏன் பேஜார் பண்றீங்க?" என்று மேகலா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "உக்காருங்கக்கா. இவர் வாய் மூடாது. தோல் பேசாது இல்ல, அதுக்கும் சேத்து இவரே பேசுவாரு."

வேலை ஆரம்பமானது. வக்கார் ஒரு தோலைப் பிடித்து விரிப்பார், உள்ளங்கையை ஒரு தரம் ஓட்டுவார், "கழுத்துல கீறல், மூணு" என்று குறையையும் தரத்தையும் சொல்வார். மேகலாவின் விரல் ஓடும். "உண்ணித் தடம், நாலு." "சுத்தம், ரெண்டு." அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம், இரண்டு பக்கம், எல்லாம் சரியாகப் போனது. ஐந்தாம் பக்கத்தில் பதிவு அமுக்கியதும் ‘பதிவானது’ என்று வந்தது. மேகலா மூலையில் இருந்த பெருக்கல் குறியை அமுக்கி ஜன்னலை மூடிவிட்டு, அடுத்த லாட்டுக்குப் புதிதாகத் திறந்தாள்.

"ஏன் மேகலா, அந்தச் சிவப்பு பட்டனை அமுக்கல?"

"எதுக்குக்கா? இந்த லாட்டுலதான் இல்லையே."

"எது இல்ல?"

"முடி."

அக்காவுக்குப் புரியவில்லை. "இன்னா முடி?"

மேகலா தன் பின்னலைத் தூக்கிக் காட்டினாள். "முடிக்கா. முடி!"

வக்கார் கையிலிருந்த தோலைக் கீழே வைத்துவிட்டார். "என் டேபிளுக்கு முடியோட தோல் வந்தா, அப்புறம் சுண்ணாம்பு போடறவங்க எதுக்கு இருக்காங்க? சுண்ணாம்புலயே முடி பூரா போயிடணும் மேடம். எங்கனா ஒண்ணு ரெண்டுல கொஞ்சம் நின்னுடும். அது பெரிய குறை."

"அதான்க்கா," என்றாள் மேகலா. "நாலாம் பக்கத்துல எல்லாக் குறையும் வச்சிருக்கீங்க. கீறல் இருக்கு, ஓட்டை இருக்கு, உண்ணி இருக்கு. முடி மட்டும் இல்ல. அது பெரிய குறையாச்சே, அதனால கடைசில தனியா, செவப்புல வச்சிருக்காங்கன்னு நாங்க நினைச்சோம். அமுக்கினா சுண்ணாம்பு செக்‌ஷன் மேல கம்ப்ளெய்ன்ட் போயிடும்னு பேச்சு."

"யார் சொன்னா?"

"எல்லாரும்தான். ஒரு தரம் ரெண்டு தோல்ல வால் பக்கம் முடி நின்னு வந்துச்சு. அமுக்கட்டுமான்னு கேட்டேன். சுண்ணாம்பு செக்‌ஷன் வேலு அண்ணன் ஓடி வந்துட்டாரு. ‘அமுக்கிடாத தாயி, மெமோ வந்துடும், பொண்ணுக்கு மாப்ள பாக்கற நேரம்’னு சொல்லி மசால் வடை வாங்கிக் குடுத்தாரு. பாவம்னு விட்டுட்டேன். அதுக்கப்புறம் மூணு ஷெட்டுலயும் ஒருத்தரும் தொடமாட்டோம். யார் பொழப்புல யார் மண்ணு போடறது?"

"உனக்கு ரெண்டு வடை. எனக்கு ஒண்ணுதான் குடுத்தான்," என்றார் வக்கார்.

அக்கா சிரிக்கவில்லை. அந்த வார்த்தையை வைத்தவர் அவரேதான். சேர்ந்த முதல் மாதம் அது. அதுவரை ஆபீஸில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த அப்ளிகேஷனை ஷெட்டுக்குக் கொண்டுவந்தபோது, அங்கே இருப்பவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று இங்கிலீஷ் பட்டன்களைத் தமிழுக்கு மாற்றினார். ‘முடிக்கவும்’ என்றுதான் முதலில் எழுதினார். பட்டன் அகலத்துக்கு அது அடங்கவில்லை. சின்னதாக இருக்கட்டும் என்று ‘முடி’ ஆக்கினார். அழகாகத் தமிழில் போட்டிருக்கிறீர்கள் என்று நயீம் அகமது கூட அப்போது பாராட்டினார். தோல் தொழிற்சாலையில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் இருக்கிறது என்று அக்காவுக்குத் தோன்றவே இல்லை. அவருக்கு அது வினைச்சொல். ஷெட்டில் இருந்தவர்களுக்கு அது தோலில் முளைப்பது.

போனை எடுத்துக் கௌதமைக் கூப்பிட்டார். "எத்தனை செஷன் திறந்திருக்கு?"

"பதினேழுக்கா."

"மேகலா, அடுத்த லாட் முடிஞ்சதும் அந்தச் சிவப்பை அமுக்கு."

"நிஜமாவா? வேலு அண்ணனுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஒண்ணும் ஆகாது."

அந்த லாட் முடிந்ததும் மேகலா ஒரு கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள். போனில் கௌதம், "பதினெட்டு ஆச்சு... இல்ல, மறுபடியும் பதினேழுக்கா. எறங்கிச்சு!" என்று கத்தினார். நான்கு வருஷத்தில் ஷெட்டிலிருந்து பட்டனை அமுக்கி ஒரு செஷன் மூடியது அதுதான் முதல் தடவை.

மூன்று ஷெட்டுக்கும் போய் அக்கா ஒவ்வொருவரிடமும் சொன்னார். மறுநாள் வார்த்தையை மாற்ற உட்கார்ந்தார்கள். ‘ஃபினிஷ்’ என்று போடலாமா என்று அக்கா கேட்டார். "ஐயோ, வேணாம்க்கா. தோலுக்குக் கலர் அடிக்கிற ஃபினிஷிங் செக்‌ஷனுக்குப் போவுதுன்னு நினைச்சிப்பாங்க" என்றாள் மேகலா. ‘மூடு’ என்றால் கம்ப்யூட்டரை மூடிவிடுவார்கள் என்றார் கௌதம். கடைசியில் வக்கார் மேஜையிலிருந்து சத்தம் போட்டார்: "பைசல்னு போடுங்களேன். லாட் பைசல். எவனுக்கும் புரியும்." பைசல் என்ற பெயரில் மூன்று ஷெட்டிலும் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் அதையும் சொன்னார். அதுவே நின்றது.

இருபதாம் தேதி ஆடிட்டர்கள் வந்தார்கள். சக்கரம் சுற்றவில்லை. அடுத்த மூன்று நாளும் இல்லை.

அக்கா நயீம் அகமது அறைக்குப் போகும் முன் கௌதம், "உண்மையைச் சொல்லாதக்கா. நாலு வருஷமும் உன் தப்புன்னு ஆயிடும். சர்வர்ல பெரிய வேலை பண்ணேன்னு சொல்லு. அவருக்கு இன்னா தெரியப் போவுது?" என்றார். அக்காவுக்கு அது சரியென்று பட்டது. நல்ல பெயரோடு போகலாமே. அப்படியே சொன்னார். டேட்டாபேஸ் செஷன்களை நிர்வகிக்கும் முறையையே மாற்றி அமைத்ததாகச் சொன்னார்.

நயீம் அகமதுவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சபாஷ்! எனக்குத் தெரியும்மா, உங்களாலதான் முடியும்னு."

"லெட்டர் சார்."

"எந்த லெட்டர்?" டிராயர் பக்கம் போன கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "யோசிச்சுப் பாருங்க. இவ்ளோ பெரிய வேலையைத் தனியா பண்ணியிருக்கீங்க. இதை இன்னொருத்தன் வந்து புரிஞ்சிக்கவே ஆறு மாசம் ஆகும். ஆறு மாசம் இருங்க. ஒரு ஆளை எடுக்கறேன், தயார் பண்ணுங்க. சம்பளத்தையும் பார்த்துக்கலாம்."

"நின்னா தர்றேன்னு சொன்னீங்க சார்."

"நின்னதாலதாம்மா பயமா இருக்கு."

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அக்கா இதையே யோசித்துக்கொண்டு வந்தார். தொங்கினால் போகக்கூடாது. தொங்காவிட்டாலும் போகக்கூடாது. இரண்டு பக்கமும் கதவு மூடியிருந்தது. இரண்டாவது கதவைத் தானே பொய் சொல்லிச் சாத்திக்கொண்டது அவருக்குப் புரிந்தது. சேரவேண்டிய நாளுக்கு ஒன்பது நாள் இருந்தது.

மறுநாள் காலையில் நேராக நயீம் அகமது அறைக்குப் போனார். உட்காரவில்லை.

"சார், நான் நேத்து சொன்னது பொய். சர்வர்ல நான் ஒண்ணுமே பண்ணல. ஒரு பட்டன்ல ஒரு வார்த்தையை மாத்தினேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அக்கா எல்லாவற்றையும் சொன்னார். வேலுவையும் மசால் வடையையும் மட்டும் சொல்லவில்லை. பின்னல் வரைக்கும் வந்தபோது நயீம் அகமதுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"அந்த வார்த்தையை யார் வச்சது?"

"நான்தான் சார்."

"நாலு வருஷம். மூணு ஷெட். தினம் ரெண்டு தரம் வேலை நின்னுச்சு. மேல எத்தனை பேருக்கு நான் பதில் சொல்லியிருக்கேன் தெரியுமா உனக்கு?"

அவர் அதுவரை அக்காவை நீங்க என்றுதான் சொல்வார். கேன்டீனில் வேலை செய்கிற பெண்களைக் கூட நீங்க என்பார். அன்றைக்கு நீ என்றார்.

"ஷெட்டுல போய் ஒரு நாள் நின்னு பார்க்கணும்னு உனக்குத் தோணலியா?"

ரூமை விட்டு நகரக்கூடாது என்று சொன்னது அவர்தான். அக்கா அதைச் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். "தோணல சார்" என்றார்.

"அப்போ இதை யார் வேணா பார்த்துக்கலாம்."

"ஆமா சார். யார் வேணா பார்த்துக்கலாம்."

பெல்லை அமுக்கிக் கௌதமை வரச் சொன்னார். "டேய், இந்த அப்ளிகேஷனை நீ பார்த்துப்பியா?" கௌதம் அக்கா முகத்தைப் பார்த்தார். முடியாது என்று சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். "பார்த்துக்கறேன் சார்" என்றார்.

டைப் செய்து வந்த லெட்டரில், இவருடைய பணி மிகச் சிறப்பாக இருந்தது என்று வழக்கமாக ஒரு வரி இருக்கும். நயீம் அகமது அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, திரும்ப டைப் செய்து கொண்டுவரச் சொன்னார். இரண்டாவது காகிதத்தில், இவர் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வேலை செய்தார் என்பது மட்டும் இருந்தது. கையெழுத்துப் போட்டு, நிமிராமலே நீட்டினார்.

கடைசி நாளுக்கு நான்கு நாள் இருந்தது. அக்கா அந்த நான்கு நாளும் சீக்கிரம் போனார். பைசல் என்று மாற்றியது ஒட்டுப் போட்ட வேலைதான் என்று அவருக்குத் தெரியும். கரண்ட் போய் யாராவது பாதியில் விட்டால், புது ஆள் வந்து பட்டனை மறந்தால், திரும்பவும் தொங்கும். அப்போது அந்த அறையில் கௌதம் உட்கார்ந்திருப்பார். செய்யவேண்டியது என்ன என்று இன்டர்வியூவிலேயே அக்கா சொல்லியிருந்தார். ஒவ்வொரு பக்கமும் தனக்கென்று ஒரு செஷனைத் திறந்து, வேலையை முடித்து, அப்போதே மூடிவிடவேண்டும். அடுத்த பக்கத்துக்கு லாட் நம்பரை மட்டும் கொடுத்தனுப்பினால் போதும். அந்தப் பக்கம் தனக்கு வேண்டியதை டேட்டாபேஸிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும். யாரும் எந்தப் பட்டனையும் ஞாபகம் வைக்கவேண்டாம். இதைச் செய்ய இரண்டு வாரம் தொந்தரவில்லாமல் உட்காரவேண்டும். நான்கு வருஷத்தில் அவருக்கு இரண்டு மணி நேரம் அப்படிக் கிடைத்ததில்லை.

நான்கு நாளில் முதல் மூன்று பக்கங்களை மாற்றினார். கௌதமைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு வரியும் எதற்கு என்று சொன்னார். கௌதம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். நாலாம் பக்கம்தான் கஷ்டம். சில நூறு தோல், ஒவ்வொன்றுக்கும் குறைகள், எல்லாம் ஒன்றோடு ஒன்று பிணைந்திருக்கும். கடைசி நாள் மதியம் அதைத் தொட்டார். ஐந்தரைக்குக் கம்பெனி பஸ். ஐந்து மணிக்குப் பாதிகூட ஆகவில்லை.

"விட்டுடுக்கா," என்றார் கௌதம். "கிளம்பு."

"பாதில விட முடியாதுடா. நாளைக்குக் காலைல மேகலா திறந்தா ஒண்ணுமே வராது."

மாற்றியதை எல்லாம் அழித்து, நாலாம் பக்கத்தைப் பழையபடி வைத்தார். ஒரு தரம் ஓட்டிப் பார்த்தார். ஓடியது. பையை எடுத்தபோது கௌதம் நோட்டைத் திறந்து, "இந்த மூணாவது பக்கத்துலேர்ந்து நாலாவதுக்குப் போறப்ப புதுசா ஒரு செஷன் திறக்கும், அது அஞ்சுலதான் மூடும், அப்படித்தானேக்கா?" என்று கேட்டார்.

"அப்படித்தான். பைசல் அமுக்கினா."

"அமுக்கலன்னா?"

பஸ்காரர் ஹாரன் அடித்தார். அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது அவர் சென்னையில் இருக்கிறார். மாதம் ஒரு தரம் பாகாயம் வருகிறார். ஆம்பூரில் நாலாம் பக்கமும் ஐந்தாம் பக்கமும் இன்னும் பழைய மாதிரியேதான் இருக்கின்றன. அதை மாற்ற இரண்டு வாரம் வேண்டும், உட்காரவே நேரம் கிடைக்கவில்லை என்று கௌதம் சொல்கிறாராம்.